ஒற்றையா, இரட்டையா, பலகையா: வளரும் குடும்பத்துக்கான ஸ்ட்ரோலர் மதிப்பீடு

கடையில் நிற்கும் ஸ்ட்ரோலர் எப்போதும் காலியாகத்தான் நிற்கும். வழவழப்பான தரையில் ஒரு விரலால் தொட்டாலே ஓடும். அதே வண்டியில் 12 கிலோ குழந்தை, கீழ்க்கூடையில் 4 கிலோ சாமான், தோளில் இன்னொரு கைக்குழந்தை என்று ஆன பிறகுதான் அதன் உண்மைக் குணம் வெளியே வரும். அதனால் இங்கே எந்த வகையைப் பற்றிச் சொன்னாலும் சுமை ஏறிய வண்டியைப் பற்றியே சொல்கிறோம். துணியின் நிறம், கோப்பை தாங்கி, கைப்பிடியில் தைத்த தோல் இவை எதுவும் இந்த மதிப்பீட்டில் இல்லை.

முதல் கணக்கு: வயது இடைவெளி

"எந்த வண்டி நல்லது?" என்று ஆரம்பித்தால் விடை கிடைக்காது. இளையது பிறக்கிற அன்று மூத்ததற்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும், அதன்பின் இன்னும் எத்தனை மாதம் அது வண்டியில் உட்காரும் என்று ஆரம்பிக்க வேண்டும். இரட்டை வண்டியின் ஆயுள் இந்த மாதங்கள்தான். துணி கிழிவதும் சக்கரம் தேய்வதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டு வயதில் ஆண் குழந்தையின் நடு எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5. மூன்று வயதில் 14.3, 13.9. நான்கு வயதில் 16.3, 16.1. இதை வண்டியின் எடை வரம்போடு பொருத்திப் பாருங்கள். ஸ்ட்ரோலர்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1888 இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதி 15 கிலோ வரையிலான குழந்தைகளுக்கு, இரண்டாம் பகுதி 15 முதல் 22 கிலோ வரை. 15 கிலோ என்று அச்சடித்த இருக்கை பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை வயதை ஒட்டி முடிந்துவிடும். 22 கிலோ இருக்கை ஆறு வயது தாண்டியும் தாங்கும், ஆனால் அதற்குள் குழந்தையே உட்கார மறுத்துவிடும். எடைக்கு முன்னால் உயரம் இடிப்பதும் உண்டு. இருக்கைப் பலகையிலிருந்து மேற்கூரை வரை உள்ள உயரம் 50 செ.மீ.க்குக் குறைவு என்றால், எடை வரம்பு என்ன சொன்னாலும் மூன்று வயதுக் குழந்தையின் தலை கூரைத் துணியில் முட்டும். கடையில் அளவுநாடாவைப் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

இடைவெளி ஒன்றரை வயதுக்குள் என்றால் இரட்டை வண்டி ஏறக்குறைய இரண்டு வருடம் தினசரி உழைக்கும், தாராளமாக வாங்கலாம். இரண்டு முதல் இரண்டரை வயது என்றால்தான் குழப்பம். மூத்தது போகும்போது நடக்கும், வரும்போது தூங்கும். மூன்று வயதோ அதற்கு மேலோ என்றால் இரட்டை வண்டி வேண்டாம். ஒற்றை வண்டியும், மூத்தது ஏறி நிற்க அதன் பின்னால் மாட்டும் ஒரு நிற்கும் பலகையும் போதும். ஒருசில மாதத்தில் அந்தப் பலகையும் சும்மா கிடக்கும்.

"பின்னாளில் இரட்டையாக மாற்றிக்கொள்ளலாம்" என்ற ஒரே காரணத்துக்காக முதல் குழந்தைக்கே கனமான மாற்று வண்டியை வாங்குவது எங்கள் பார்வையில் தவறான கணக்கு. இரண்டாவது குழந்தை எப்போது என்று தெரியாத நிலையில், 12 கிலோ சட்டகத்தை இரண்டு மூன்று வருடம் ஒரே குழந்தைக்காகத் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பீர்கள். இடைவெளி இரண்டு வயதுக்குள் இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அந்தக் கனத்துக்குப் பலன் உண்டு.

தலை நிற்காத குழந்தைக்கு

வகைகளுக்குள் போகும்முன் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி. தலை நிற்காத, தானாக உட்காராத குழந்தைக்குச் சமமாகப் படுக்கும் இடம் வேண்டும். இஎன் 1888 தரநிலையில், முதுகுப்பகுதிக்கும் இருக்கைக்கும் இடையிலான கோணம் 150 டிகிரிக்குக் குறைவான இருக்கை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதல்ல. விளம்பரத்தில் "முழுச் சாய்வு" என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். கையேட்டில் "பிறந்த நாளிலிருந்து" என்று எழுதியிருக்கிறதா, "6 மாதத்திலிருந்து" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். துணிப்பட்டையை இழுத்துச் சாய்க்கும் இருக்கைகளில் நடுவே குழி விழும். சாய்வு சரியாக இருந்தாலும் குழந்தை வில்லாக வளைந்து கிடக்கும், தாடை மார்பில் படும். தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுப் பாதை மடங்கும்.

தனியே எடுத்து மாட்டும் படுக்கைத் தொட்டிலின் வரம்பு பொதுவாக 9 கிலோ. எடை அதை எட்டும்முன்பே குழந்தை குப்புற விழுந்து, கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்துவிடும். அன்றோடு தொட்டிலின் வேலை முடிந்தது. ஆக அதன் ஆயுள் ஐந்தாறு மாதம்தான். கைக்குழந்தைக்கான கார் இருக்கையை அடாப்டர் வைத்துச் சட்டகத்தில் மாட்டும் முறை, தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் இறக்க வசதியானது. அதைத் தொட்டிலுக்குப் பதிலாகப் பாவிக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கைக்குழந்தையை அதில் விடவேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. அதிலேயே தூங்க வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

முன்பின் இருக்கை: ஒடுங்கலானது, ஆனால் பாரம்

ஒரு குழந்தைக்குப் பின்னால் அல்லது கீழே இன்னொரு குழந்தை உட்காரும் வகை இது. அப்பாபேபி விஸ்டா, பேபி ஜாகர் சிட்டி செலக்ட் இரண்டும் இந்தக் கூட்டத்தில் அதிகம் பேசப்படுபவை. இரண்டும் ஒற்றையாகத் தொடங்கி இரண்டாவது இருக்கையைச் சேர்த்துக்கொள்ளும். அகலம் ஒற்றை வண்டி அளவுதான். விஸ்டா வி2 சுமார் 65 செ.மீ. என்பதால் பெரும்பாலான வாசல்களில் நுழையும். அதன் முதன்மை இருக்கை 22.7 கிலோ வரை தாங்கும். கீழே மாட்டும் இரண்டாவது இருக்கையின் வரம்பு 15.9 கிலோ. இந்த இரண்டு எண்களும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூத்தது கீழ் இருக்கையில் உட்காரும் என்று திட்டமிட்டால், அந்தத் திட்டம் 22.7 கிலோ வரை போகாது, மூன்றரை நான்கு வயதோடு முடியும்.

இந்த வகையின் பலவீனம் தெரிய வேண்டுமானால் நடைபாதைத் திண்டில் ஏற்றிப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கக் கைப்பிடியைக் கீழே அழுத்துகிறோம். அப்போது பின் அச்சுதான் நெம்புகோலின் ஊன்றுபுள்ளி. எடுத்துக்காட்டாக, ஒற்றை வண்டியில் 12 கிலோ குழந்தை பின் அச்சிலிருந்து 30 செ.மீ. முன்னால் இருக்கிறது, கைப்பிடி 30 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வரும் சுமை 12 கிலோ. நீளமான முன்பின் வண்டியில் முன் குழந்தை 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தால், அதே 12 கிலோவுக்குக் கைக்கு 28 கிலோ வரும். பின் குழந்தையும் சட்டகத்தின் எடையும் இதில் சேரவே இல்லை. பிரசவம் ஆகி ஒரு மாதமே ஆன உடம்புக்கு இது சின்ன வேலையல்ல.

வழி இருக்கிறது. பின் அச்சில் குறுக்குக் குழாய் உள்ள வண்டி என்றால் பாதத்தை அதில் ஊன்றி வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பின்னோக்கி இழுத்தால் கைக்கு வரும் சுமை குறையும். குழாய் இல்லாமல் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனிக் குட்டை அச்சு இருந்தால் கால் வைக்க இடமே இருக்காது. வாங்கும்முன் குனிந்து பாருங்கள். இல்லையென்றால் வண்டியைத் திருப்பி, பின் சக்கரங்களை முதலில் ஏற்றி இழுங்கள். இறங்கும்போதும் பின் சக்கரம்தான் முதலில்.

கவிழும் பிரச்சினை இரண்டு பக்கமும் உண்டு. முன் இருக்கை முன் சக்கரத்தின் நேர்மேலோ அதைத் தாண்டியோ இருந்தால், பின்னால் ஆள் இல்லாதபோது முன்பக்கம் சாயும். அதனால்தான் பல கையேடுகள் ஒரே குழந்தை என்றால் பின் இருக்கையில் வைக்கச் சொல்கின்றன. ஏற்றும்போது பின்னால் உள்ளதை முதலில் ஏற்றி, இறக்கும்போது முன்னால் உள்ளதை முதலில் இறக்குவது அந்த மாதிரி வண்டிகளுக்குப் பாதுகாப்பான வரிசை. மேல்கீழ் அடுக்கில் உட்காரும் மாடல்களுக்கு வரிசை மாறலாம், அந்தந்தக் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

இன்னொன்று மடிப்பு. இரண்டு இருக்கையும் மாட்டிய நிலையில் மடியுமா என்று கேளுங்கள். இந்த வகையில் பலவும் ஒரு இருக்கையோடுதான் மடியும், சிலவற்றில் அந்த ஒரு இருக்கையும் முன்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும். கார் அருகே நின்று இரண்டு குழந்தைகளை இறக்கி, ஒரு இருக்கையைக் கழற்றி, இன்னொன்றைத் திருப்பி, பிறகு சட்டகத்தை மடிக்கும் காட்சியை ஒரு நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். டிக்கியில் சட்டகத்துக்கு மட்டும் இடம் அளந்து வாங்கி, கழற்றிய இருக்கைக்கு இடமில்லாமல் தவிப்பதுதான் இந்த வகையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

பின்னால் அல்லது கீழே உட்காரும் குழந்தைக்கு எதிரே தெரிவது முன் இருக்கையின் முதுகு. கால் நீட்டவும் இடம் குறைவு. ஒன்றரை வயதில் அழாமல் உட்காரும் குழந்தை இரண்டரை வயதில் முன் இருக்கையை உதைக்கும். முன் இருக்கை சாய்ந்தால் பின் குழந்தையின் முகத்துக்கு மேலே வந்து நிற்கும் மாடல்களும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கும் குடும்பத்துக்கு அவை ஒத்துவராது.

அருகருகே இருக்கை: அகலத்தைச் சகித்தால் இதுதான் சுகம்

இரட்டைக் குழந்தைகளுக்கும், ஒன்றரை வயதுக்குள் இடைவெளி உள்ளவர்களுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். இரண்டு இருக்கைக்கும் தனித்தனிச் சாய்வு, தனித்தனிக் கூரை. எடை இரண்டு அச்சுக்கும் நடுவே விழுவதால் திண்டு ஏறுவது முன்பின் வண்டியைவிட எளிது. இரண்டு குழந்தைக்கும் வேடிக்கை பார்க்க ஒரே அளவு வெளி.

கேள்வி வாசல்தான். மவுண்டன் பக்கி டூயட் 63 செ.மீ. அகலத்தில் இரண்டு பேரை அடக்குகிறது. அதற்கு விலையாக ஒவ்வொரு இருக்கையும் ஒடுங்கலானது, குளிர்கால உடுப்போடு மூன்று வயதுக் குழந்தை நெருக்கமாகத்தான் உட்காரும். பகாபூ டாங்கி ஒற்றையாக 60 செ.மீ., நடுச் சட்டத்தை விரித்து இரட்டையாக்கினால் 74 செ.மீ. ஒரு இருக்கையைக் கழற்றி அந்த இடத்தில் பக்கக்கூடை மாட்டலாம். மாற்று வண்டிகளில் இந்த வடிவமைப்பைத்தான் நாங்கள் மதிக்கிறோம், ஏனென்றால் இரட்டையான பிறகும் யாரும் யாருக்கும் கீழே போவதில்லை. சட்டகம் கனமானது, மாடிப்படிக்கு ஆகாது.

பல சாதாரண இரட்டை வண்டிகள் 76 முதல் 80 செ.மீ. வரை போகும். அளக்கும்போது வாசல் சட்டத்தை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். கதவைத் திறந்து வைத்தால் கதவின் கனமும் கைப்பிடியும் இடத்தைத் தின்னும். கதவு திறந்த நிலையில் மிச்சமிருக்கும் வெளிதான் கணக்கு. அதிலிருந்து நான்கு செ.மீ. கழித்து வண்டி அகலத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் நுழையும், விரல்முட்டி உரசும். லிப்ட் வாசலையும் அதன் உள் ஆழத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். பொது இடங்களும் எல்லை வைத்திருக்கின்றன. அமெரிக்க டிஸ்னி பூங்காக்கள் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்கு மேல் உள்ள ஸ்ட்ரோலர்களை 2019 மே முதல் அனுமதிப்பதில்லை.

சமமில்லாத எடை இந்த வகையின் தொல்லை. ஒரு பக்கம் 4 கிலோ, மறுபக்கம் 13 கிலோ என்றால், கனமான பக்கத்துச் சக்கரங்கள் உருள அதிக எதிர்ப்பைக் காட்டும், வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தால் சமாளிக்கலாம், ஒற்றைக் கையால் தள்ள முடியாது. நடுவில் ஒரே முன் சக்கரம் உள்ள மூன்று சக்கர வடிவத்தைவிட, முன்னால் இரண்டு சக்கரம் உள்ளது இந்த இழுப்பைச் சற்று நன்றாகத் தாங்கும். இன்னொரு சங்கடம் கைக்கெட்டும் தூரம். மூத்தது இளையதின் தொப்பியைப் பிடுங்கும், பாதி தின்ற பிஸ்கட்டை வாயில் திணிக்கும். இருக்கைகளுக்கு நடுவே தடுப்புத்துணி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையும் பின்பெஞ்சும்

இரண்டரை வயது தாண்டிய மூத்த குழந்தைக்கு இவை இரண்டும் போதும். நிற்கும் பலகை என்பது ஒற்றை வண்டியின் பின் அச்சில் பட்டையால் மாட்டும், இரண்டு சிறு சக்கரம் உள்ள தட்டு. தாங்கும் எடை 20 முதல் 25 கிலோ. மாட்டுவதற்கு அச்சிலோ பின்கால் குழாயிலோ பட்டை சுற்ற இடம் வேண்டும். பிரேக் கம்பி ஓடும் இடத்தில் பட்டையை இறுக்கினால் பிரேக் முழுதாக விழாது. மாட்டியதும் பிரேக்கைப் பத்துமுறை போட்டு எடுத்துப் பாருங்கள்.

பலகையின் குறை தள்ளுபவருக்கு. குழந்தை நடுவில் நிற்பதால் நீங்கள் ஒரு அடி பின்னால் தள்ளி நடக்க வேண்டும், கையை நீட்டி முதுகை வளைத்துத் தள்ள வேண்டும். காலடியை வீசி நடந்தால் கணைக்கால் முன்எலும்பு பலகையில் மோதும். கைப்பிடியின் நீளத்தை வெளியே இழுத்து நீட்டும் வசதியுள்ள வண்டியில் இது பெரிதும் குறையும். கைப்பிடி கீழிருந்து மேலாக மட்டும் சாயும் வண்டியில் அவ்வளவாகக் குறையாது. பலகையில் நின்றபடி குழந்தை தூங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பின்பெஞ்சு வகைக்கு ஜூவி கபூஸ் நல்ல உதாரணம். முன்னால் இருக்கை, பின்னால் உட்காரவும் நிற்கவும் ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு இரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும். சொன்னதைக் கேட்டு உட்காரும் குழந்தைக்கு இது அருமை. ஓடிப்போகிற குழந்தை ஓடும் வண்டியிலிருந்தே குதிக்கும், அதற்கு, தோள், இடுப்பு, கால் இடுக்கு மூன்றையும் பிடிக்கும் ஐந்து முனைப் பட்டையும் இருக்கையும்தான் சரி.

சின்ன வண்டி

1965-இல் ஓவன் மெக்லாரன் அலுமினியக் குழாயில் குடைபோல மடியும் தள்ளுவண்டியை வடிவமைத்தார். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் இறங்குசக்கரத்தில் வேலை செய்த பொறியாளர் அவர். அதன்பின் வந்த எடை குறைந்த வண்டிகள் எல்லாம் அந்த வழித்தோன்றல்கள். இன்றைய குறுமடிப்பு வண்டிகளில் பேபிசென் யோயோ (இப்போது ஸ்டோக்கே யோயோ) சுமார் 6.2 கிலோ, மடித்தால் 52 × 44 × 18 செ.மீ. தோளில் மாட்டி ஒரு கையில் இளையதைத் தூக்கலாம். "விமானக் கேபினுக்குள் போகும்" என்ற வாசகத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 55 × 40 × 20 செ.மீ. என்று எல்லை வைத்துள்ள விமான நிறுவனங்களில் அந்த 44 செ.மீ. இடிக்கும். முடிவு வாசலில் நிற்கும் ஊழியருடையது.

இந்த வகையின் சக்கரங்கள் சிறியவை, அதனால் தரைப்பிளவிலும் சரளைக்கல்லிலும் சட்டென்று நின்றுவிடும். நின்றால் பின்னால் வரும் உங்கள் உடல் கைப்பிடியின் மேல் விழும். மேடுபள்ளத்தில் முன் சக்கரத்தை லேசாகத் தூக்கி, பின் சக்கரத்தில் உருட்டப் பழகிக்கொள்ள வேண்டும். கூடையில் பெரும்பாலும் 5 கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது. இரண்டு குழந்தையுள்ள வீட்டுக்கு இது இரண்டாவது வண்டி. ஆனால் மூன்று வயது இடைவெளியும் மாடி வீடும் என்றால் இதுவே முதல் வண்டியாகவும் இருக்கலாம்.

ஓட்டப் பயிற்சி வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: முன் சக்கரம் நேராகப் பூட்டாத எந்த வண்டியோடும் ஓடாதீர்கள். குறைந்தது ஆறு மாதம் ஆகும்வரை குழந்தையை வைத்து ஓடக் கூடாது, பல கையேடுகள் எட்டு மாதம் என்கின்றன. மணிக்கட்டுப் பட்டை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

சக்கரத்தின் அருகே குனிந்து பார்த்தால்

ஸ்ட்ரோலர் கெடுவது சக்கரத்தில்தான் தொடங்குகிறது. முன் சக்கரத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் கவட்டைக்கும் இடையே நகக்கண் அளவு இடைவெளி இருக்கும். அதில் நீளமான தலைமுடியும் நூலும் போர்வையின் இழையும் சுற்றிக்கொள்ளும். மூன்று நான்கு மாதத்தில் அது கறுப்பு வளையமாக இறுகும். சக்கரம் உருளாமல் இழுபடும், ஒரே பக்கம் தேயும், பிறகு அந்தத் தட்டையான இடம் ஒவ்வொரு சுற்றிலும் "டொக்" என்று தட்டும். பலர் இதை உற்பத்திக் குறை என்று நினைத்து வண்டியையே மாற்றுகிறார்கள். விடுபொத்தானை அழுத்திச் சக்கரத்தைக் கழற்றி, சின்னக் கத்தரியால் அந்த வளையத்தைக் குறுக்கே வெட்டி, குறட்டால் இழுத்தால் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்ய முடிகிற மாதிரி சக்கரம் கழல்கிறதா என்பதே ஒரு தேர்வு அளவுகோல். ரிவெட் அடித்த சக்கரங்களைக் கழற்ற முடியாது.

கீச்சென்ற சத்தத்துக்குச் சமையல் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம், மணலை ஒட்டவைத்து அரைக்கும். ஈரம் துடைத்து, உலர்ந்து நிற்கும் சிலிகோன் அல்லது டெஃப்லான் தெளிப்பான் போதும். கடற்கரைக்குப் போய் வந்தால் உப்பு காயும்முன் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

சக்கரப் பொருளில் மூன்று வகை. ஈவிஏ எனும் பிளாஸ்டிக் நுரை இலேசு, ஆனால் சீக்கிரம் தேயும். பியூ (பாலியூரித்தேன்) நுரை நிரப்பியது பஞ்சராகாது, நடுத்தரப் பாதைக்குப் போதும், எங்கள் பரிந்துரை பெரும்பாலோருக்கு இதுதான். காற்றடைத்தது கரடுமுரடுக்கும் ஓட்டத்துக்கும் மட்டும். அதில் காற்றழுத்த அளவு டயரின் பக்கச் சுவரிலேயே அச்சாகியிருக்கும். இரண்டு பின் சக்கரத்திலும் அழுத்தம் சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் மிதியை அழுத்தினால் ஒரு ஊசி சக்கரக் குடத்தின் பற்களுக்கு நடுவே விழுகிறது. பல்லின் நுனியில் ஊசி நின்றுவிட்டால் மிதி கீழே போனதாகத் தெரியும், பூட்டு விழுந்திருக்காது. அதனால் பிரேக் போட்டதும் வண்டியை முன்னும் பின்னும் ஒரு அங்குலம் அசைத்து "டக்" என்ற சத்தத்தைக் கேட்ட பிறகே கையை விட வேண்டும். ஒரே மிதியில் இரண்டு சக்கரமும் பூட்டுவது நல்லது. தனித்தனி மிதி இருந்தால் அவசரத்தில் ஒன்று மறந்துபோகும்.

பட்டை, கவிழ்வு, விரல்

ஐந்து முனைப் பட்டையில் தோள்பட்டை குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்று மேலோ புறப்பட வேண்டும். இறுக்கிய பின் ஒரு விரல் நுழைய இடம் போதும். மூத்ததும் இளையதும் இருக்கையை மாற்றி மாற்றி உட்காரும் வீட்டில், தோள்பட்டையின் உயரத்தைப் பின்துணியைக் கழற்றாமலே மாற்ற முடிகிற வண்டியைப் பாருங்கள். துணிக்குள் கைவிட்டு வளையத்தைக் கோத்து எடுக்க வேண்டிய வகையில், யாரும் இரண்டாவது முறை மாற்றுவதில்லை. குழந்தை பெரியதாகும், பட்டை பழைய துளையிலேயே இருக்கும்.

கைப்பிடியில் எந்தச் சுமையை மாட்டினாலும் வண்டியின் நிலை குலையும் என்ற எச்சரிக்கை எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, எல்லாரும் அதை மீறுகிறார்கள். குழந்தை உள்ளே இருக்கும்வரை ஆபத்து பெரும்பாலும் தெரியாது. குழந்தையைத் தூக்கிய அந்த நொடியில் பையின் எடை வண்டியைப் பின்னால் சாய்க்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில் பின்னால் நிற்பது மூத்த குழந்தை.

மடிக்கும்போது விரல். 2009-இல் அமெரிக்காவில் கீல் இடுக்கில் விரல் சிக்கிய காரணத்தால் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்குப் பாதுகாப்பு உறை வழங்க நேர்ந்தது, 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டான புகார்கள் அப்போது பதிவாகியிருந்தன. வண்டியை விரித்து, கீல்களின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கத்தரிபோல் சேரும் இரண்டு உலோக விளிம்பு தட்டுப்பட்டால், அந்த மாடல் வேண்டாம்.

வெயிலுக்காகக் கூரையின் மேல் உலர்ந்த துணியைப் போர்த்துவதும் கூடாது. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் அளந்து காட்டியதும் இதையே. ஈரமான மெல்லிய துணியோடு சின்ன விசிறியும் வைத்தபோது சூடு குறைந்தது. நீண்டு விரியும், வலை ஜன்னல் வைத்த கூரை உள்ள வண்டியை வாங்கினால் துணியே தேவைப்படாது.

கடையில் பத்து நிமிடம்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கடைக்காரரிடம் கேட்டு, 12 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பாட்டில்களை முதன்மை இருக்கையிலும் நான்கைக் கூடையிலும் வைத்துப் பட்டையைப் போடுங்கள். இரட்டை வண்டி என்றால் இரண்டாவது இருக்கையில் இன்னொரு நான்கு. இப்போது கையை லேசாக வைத்து ஐந்து மீட்டர் நேராகத் தள்ளுங்கள், ஒருபக்கம் சாய்கிறதா என்று பார்க்க. எட்டுப்போட்டுத் திருப்புங்கள். வாசற்படியில் ஏற்றி இறக்குங்கள். நீளமான காலடி வைத்து நடந்து, பின் அச்சில் பாதம் இடிக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் உயரமானவரும் குட்டையானவரும் இருவரும் தள்ள வேண்டும். கைப்பிடி இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவே நிற்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது.

பிறகு பாட்டில்களை இறக்கிவிட்டு, ஒரு பாட்டிலை மட்டும் கைக்குழந்தைபோல் இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் மடிக்கப் பாருங்கள். "ஒற்றைக் கை மடிப்பு" என்று எழுதிய வண்டிகளில் பாதிக்கு, பொத்தானை அழுத்த ஒரு கையும் சட்டகத்தைப் பிடிக்க ஒரு காலும் தேவைப்படும். மடித்தது தானாக நிற்கிறதா, இருக்கைத்துணி தரையில் படுகிறதா, பூட்டு தானே விழுகிறதா, மூன்றையும் கவனியுங்கள்.

சக்கரம், பக்கிள், கூரைத்துணி மூன்றும் தனித்தனியாக உதிரிபாகமாகக் கிடைக்குமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராத கடையில் இரட்டை வண்டி வாங்க வேண்டாம். இரண்டு குழந்தையோடு தினசரி ஓடும் வண்டியில் இவற்றில் ஏதாவது ஒன்றையாவது நிச்சயம் மாற்ற வேண்டிவரும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் தயங்க வேண்டியதில்லை, சட்டகம் நன்றாக இருந்தால் இரட்டை வண்டியைப் பழையதாக வாங்குவதே புத்திசாலித்தனம், ஏனென்றால் பெரும்பாலானவை ஒன்றரை வருடம்தான் ஓடியிருக்கும். மாடல் பெயரும் தயாரிப்புத் தேதியும் சட்டகத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கும், அவற்றை வைத்துத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். சீட்டு கிழிக்கப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். விரித்துப் பூட்டியபின் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் உலுக்குங்கள். துணி உரசும் சத்தம் வரலாம், உலோகம் கடகடக்கக் கூடாது. ரிவெட்டைச் சுற்றி முடி அளவு கோடு தெரிந்தால் அது விரிசல். இருக்கைத்துணியைத் தூக்கி அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், ஈரத்தில் மடித்து வைத்த வண்டியில் பூஞ்சை வாடை அங்கேதான் தங்கும், எத்தனை முறை துவைத்தாலும் போகாது.